பன்னிரண்டு புள்ளி ஆறு

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது கட்டுரை. வாகனங்களுக்கென்றே வரும் ஒரு மாத இதழ், அதன் ஆசிரியர் எனக்கு ஏழெட்டு வருடப் பழக்கம். பக்கம் காலியாக இருந்தால் அவருக்கு என் ஞாபகம் வரும். டயரில் காற்று, வைப்பரின் ரப்பர், மழைக்காலத்தில் பிரேக் என்று நான் எழுதாத பாகமில்லை. இவ்வளவுக்கும் எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

"கார் பேட்டரி ரொம்ப நாள் உழைக்க என்ன செய்யணும்? அதுதான் விஷயம். எண்ணூறு வார்த்தை," என்றார் போனில். "கதை விடாதீங்க. பத்து பாயிண்ட் போதும்."

"எட்டுதான் தேறும் சார்."

"மீதி ரெண்டை நீங்களே போட்டுக்குங்க. உங்களுக்கா சொல்லித் தரணும்?"

சரியென்று உட்கார்ந்தேன். முதல் பாயிண்டை எழுதினேன்: "மாதம் ஒருமுறை பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து, தேதியுடன் ஒரு நோட்டில் குறித்துவைக்கவும்." அதற்கு மேல் கை ஓடவில்லை. நான்கு நாள் ஓடவில்லை. ஐந்தாம் நாள் எழுத ஆரம்பித்தது இதை.

2

தொடக்கம் ஒன்று:

"அந்தப் பல் மருத்துவர் தன் மனைவியிடம் சொல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது."

மோசமில்லை. பல் மருத்துவரை ஏன் பிடித்தேன் என்றால், எங்கள் குடும்பத்தில் பல் மருத்துவர் யாரும் இல்லை. யாரும் தன்னைச் சொல்வதாக நினைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பக்கம் எழுதிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தேன். என் மனைவி எடுத்துப் படித்தாள். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"இவன் ஏன் பொண்டாட்டிகிட்ட சொல்ல மாட்டேங்கிறான்?"

"சொல்லிட்டா கதை முடிஞ்சிடுமே."

"முடிஞ்சா முடியட்டுமே. அவளுக்கு இருக்கற வேலையில உங்க கதை நீளலைன்னுதான் கவலையா?"

தாளைக் கவிழ்த்து வைத்தாள். "லைட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்," என்று கீழே இறங்கிப் போனாள்.*

* இந்த லைட்டைப் பற்றி ஐந்தாம் பகுதியில் வரும். முன்னாலேயே சொன்னால் எனக்கு நான்காம் பகுதியை எழுதத் தைரியம் இருக்காது.

தொடக்கம் இரண்டு:

"காலை ஆறு மணி. சாவியைத் திருப்பினாள். டிக். மறுபடி திருப்பினாள். டிக், டிக். கராஜின் மங்கிய வெளிச்சத்தில் அவள் முகம்—"

[நிறுத்திவிட்டேன். முதலில், எங்களுக்குக் கராஜே கிடையாது. வண்டி நிற்பது குடியிருப்புக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே, வெள்ளைக் கோடு போட்ட இடத்தில். இரண்டாவது, அவள் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. பார்க்காததை எழுதும் பழக்கத்தால்தான் இத்தனை வினையும்.]

தொடக்கம் மூன்று:

"நான்தான்."

இது நிற்கட்டும். பல் மருத்துவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

3

கதையில் மொத்தம் நாலு பேர். என் மனைவி, என் மாமனார், பேட்டரிக்காரர், நான். கீழ்வீட்டுக்காரர் ஒரு நிமிடம் வந்துபோவார். மச்சினன் குரல் போனில் மட்டும் கேட்கும். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியாது.

மனைவி பிசியோதெரபிஸ்ட். முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொண்டவர்களை மறுபடி நடக்கவைப்பது அவள் வேலை. கிளினிக் மூன்று கிலோமீட்டர் தூரத்தில். போக மூன்று, வர மூன்று. இந்த மூன்றைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

மாமனார் லிஃப்ட் பராமரிப்பில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும் லிஃப்டுக்கு ஓர் இயந்திர அறை உண்டு. அதில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். போய்ப் பார்த்தவர், பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். போகாமலேயே எழுதிய ஒருவனை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை எனக்கு இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் நான் "அடப்பாவி" என்றேன்.

ஓய்வு பெற்றதும் கார் வாங்கினார். காருக்கும் ஒரு நோட்டுப் போட்டார். நீல அட்டை, நூறு பக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பேட்டரியின் வோல்ட் அளவு ஓர் எண்ணாக, பக்கத்தில் ஒன்றிரண்டு வரி. சிலவற்றை அப்படியே தருகிறேன்:

"12.4. மழை. வண்டி நாலு நாளா நகரலை."

"12.6. முனையில் வெள்ளையா பூத்திருந்தது. சோடா உப்பு போட்டு வெந்நீர் ஊத்தினேன். விரல் அரிக்குது."

"12.5. மூணாவது குழியில் தண்ணி குறைவு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தியாச்சு. கடைக்காரன் குழாய்த் தண்ணியே போதும்னான். அவன் மூளையில் ஊத்தணும்."

"12.3. பொண்ணு வண்டி பழகினாள். ஏழு தடவை ஆஃப் ஆச்சு. திட்டினேன். திட்டியிருக்க வேண்டாம்."

மாலையில் ஓட்டக் கண் சரியில்லாமல் போனபோது வண்டியை எங்களிடம் கொடுத்துவிட்டார். சாவிகள் இரண்டையும் மகள் கையில் வைத்தார். நோட்டையும் வோல்ட் அளக்கும் மீட்டரையும் என் கையில் வைத்தார்.

"ஓட்டறது அவ பொறுப்பு மாப்பிள்ளை. பார்த்துக்கறது உங்க பொறுப்பு. மாசத்துக்கு பத்து நிமிஷ வேலை."

"நீங்க கவலையே படாதீங்க மாமா," என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

4

முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். வண்டி நின்று நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் அளக்கவேண்டும், ஓடி நின்றவுடன் அளந்தால் பொய் எண் காட்டும். பானட்டைத் தூக்கி, மீட்டரின் சிவப்புக் கம்பியைக் கூட்டல் முனையிலும் கறுப்பைக் கழித்தல் முனையிலும் வைத்தேன். 12.6. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

இரண்டாம் மாதம் மழை. படியிறங்கச் சோம்பல். ஒரு மாதத்தில் என்ன பெரிதாக மாறிவிடப்போகிறது என்று 12.6 என எழுதினேன்.

மூன்றாம் மாதம் மழையில்லை.

[இந்த இடத்தில் ஏதாவது காரணம் எழுதலாம். எழுத்து வேலை நெருக்கடி, முதுகுவலி. இரண்டும் அந்த மாதம் இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.]

அதற்குப் பிறகு நோட்டை மேலே கொண்டுவந்து எழுதிவிட்டு, அடுத்த முறை வெளியே போகும்போது வண்டியில் போட்டுவிடுவேன். டீ குடித்துக்கொண்டே எழுதினேன். "12.6. முனைகள் சுத்தம். தண்ணீர் மட்டம் சரி." ஒரு மாதம் மட்டும் கொஞ்சம் கைவரிசை காட்டினேன்: "கூட்டல் முனையில் லேசாக வெள்ளைப் பொடி. துடைத்தேன்." அந்தப் பொடியை நினைத்து அன்றெல்லாம் எனக்கு ஒரே பெருமை. பார்க்காத பொடியை இருப்பதாக நம்பவைக்க இந்த ஒரு வரி போதும் என்று தோன்றியது.

இப்படிப் பதினான்கு மாதம். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். விருது வாங்கிய கதையைக்கூட "இந்த இடம் நம்பும்படி இல்லையே" என்றவர்கள் உண்டு. என் எழுத்தில் ஒரு குறையும் சொல்லாமல் நம்பப்பட்டவை இந்தப் பதினான்கு வரிகள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் போன் பண்ணுவார்.

"பேட்டரி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"ஜம்முனு இருக்கு மாமா."

"அதானே. உங்க கையில இருக்கே."

5

மாமனாருக்குத் தொண்டையில் நோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தால் பிழைத்துக்கொள்வார், ஆனால் பேச்சு போய்விடும். பிற்பாடு ஒரு கருவி வைத்துப் பேசப் பழகலாம், அது அவர் குரலாக இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. அவர்தான் பேசினார், லிஃப்ட் பாகம் மாற்றுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

அறுவைச் சிகிச்சை காலை எட்டு மணிக்கு. முந்தின மாலை, மனைவி கிளினிக்கிலிருந்து வந்து வண்டியை நிறுத்திவிட்டு, உள்விளக்கைப் போட்டு ஒரு நோயாளியின் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போன் வந்தது. மேலே வந்து என்னிடம் அப்படியே சொன்னாள்.

"ஆறரைக்கே வந்துடும்மா. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருக்கலாம். வண்டியை உள்ள விடமாட்டாங்க. எதிர்ல மரத்தடியில போட்டுட்டு வா."

மறுநாள் ஆறு மணி. சாவியைத் திருப்பினாள். டிக். (பார்த்தீர்களா, இரண்டாம் தொடக்கம் வீணாகவில்லை.) நான் வழியனுப்பக் கூடவே இறங்கியிருந்தேன்.

"என்னங்க, ஸ்டார்ட் ஆகலை."

"இன்னொரு தடவை பாரேன்."

டிக்.

"ஐயோ. நேத்து லைட்டை அணைக்காம வந்துட்டேனா?"

பானட் திறக்கும் பிடி ஓட்டுநர் பக்கம், கீழே இருக்கிறது. அவள் இறங்கி நிற்க, நான் உள்ளே குனிந்தேன். தலைக்கு மேலே அந்த விளக்கின் பொத்தான். அணைத்த பக்கமாகவே இருந்தது. அவள் மறக்கவில்லை. நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

"விட்டுட்டேன் போல, இல்ல?" என்றாள்.

"இருக்கும்," என்றேன்.

இந்தக் கதையில் நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும்.

பானட்டைத் தூக்கினேன். இரண்டு முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாகக் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. நான் கற்பனையில் துடைத்த பொடி, துடைக்காததால் அடை கட்டியிருந்தது. அவள் தூணோரம் போனில் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் பல்துலக்கும் வாயோடு வந்து, தன் வண்டியை நெருங்கக் கொண்டுவந்து அதன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. வாடகைக் கார் வர நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடி, அதற்குள் சாலையில் நெரிசலும் சேர்ந்துவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஏழு ஐம்பது. ஏழு இருபத்தைந்துக்கே அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போன், கண்ணாடி, மோதிரம் எல்லாவற்றையும் வாங்கி மச்சினனிடம் கொடுத்திருந்தார்கள். மச்சினன் தரைத்தளத்தில் படிவங்களில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றிருக்கிறான்.

"அக்கா, நான் மேல போறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கக்கா," என்று அவன் சொன்னது வாடகைக் காருக்குள் அவளுக்குக் கேட்டது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாமனார் நன்றாக இருக்கிறார். கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சின்னப் பலகை, அதில் எழுதி அழிக்கிறார். மகள் முதல் நாளே கேட்டாள், அன்றைக்கு என்ன பேசணும்னு இருந்தீங்கப்பா என்று. அவர் எழுதினார்:

"ஒண்ணுமில்லை. சும்மா பேசணும்னு இருந்தது."

அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. அவர் குரலில் அவள் கேட்ட கடைசி வாக்கியம், வண்டியை மரத்தடியில் போட்டுவிட்டு வா என்பது. அதையும் சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, லைட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள்.

அன்றிலிருந்து தினமும் போகிறாள். வண்டியை நிறுத்தும்போது ஒரு தடவை பார்ப்பாள். மேலே வந்து கை கழுவியதும் ஒரு தடவை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை. இரண்டாம் மாடி, முப்பத்து நான்கு படி. அடுத்தவர்களின் முட்டிக்கு வைத்தியம் செய்பவள் தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஏறி வருவதை நான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

6

பேட்டரிக்காரரை மறக்கவில்லை. சிகிச்சைக்கு மறுநாள் வந்தார். ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே புது பேட்டரி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பழையதின் மூடிகளைத் திருகி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தண்ணியே இல்லையே சார். தகடெல்லாம் வெளிய தெரியுது. எத்தனை நாளா பார்க்கலை?"

"உள்லைட்டை அணைக்காம விட்டுட்டோம் போலிருக்கு..."

"லைட்டா?" நிமிர்ந்தார். "அந்தக் குட்டி லைட்டு ராத்திரி பூரா எரியட்டும் சார், நல்ல பேட்டரின்னா காலையில சொடக்குப் போட்ட மாதிரி வண்டியை எடுத்துடும். இது லைட்டால செத்ததில்ல. தண்ணியில்லாம செத்தது. வண்டி தினம் எவ்வளவு தூரம் ஓடுது?"

"மூணு கிலோமீட்டர். திரும்பி மூணு."

"அதான். ஸ்டார்ட் பண்றதுக்கு எடுத்ததை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கறதுக்குள்ள நீங்க வண்டியை நிறுத்திடறீங்க. வாரத்துல ஒரு நாள் முக்கால் மணி நேரம் நல்லா ஓட்டுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"அப்ப பார்க்கவாவது பாருங்க."

முதலில் கழித்தல் முனையைக் கழற்றினார், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டினார். [பாயிண்ட் ஆறு.] பேட்டரி குலுங்காமல் பட்டையை இறுக்கினார். [பாயிண்ட் ஏழு.] முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவினார். [எட்டு.] கை துடைக்கத் துணி தேடியபோது முன்பக்கம் இருந்த நீல நோட்டு கண்ணில் பட்டது. எடுத்துப் புரட்டினார். மாமனாரின் பக்கங்களில் நின்று நின்று படித்தார். "மூளையில் ஊத்தணும்" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கங்கள் வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

"இது வேற ஆள் எழுதினது."

"ஆமா."

"பேட்டரி இப்படி இருக்காது சார். வெயில்ல ஒண்ணு காட்டும், மழையில ஒண்ணு காட்டும். ரெண்டு நாள் ஓட்டலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். பதினாலு மாசம் ஒரே எண்ணா? இவர் உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கார்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் "இவர்" என்றார். அப்படி ஒரு நாகரிகம். புதியதை அளந்து காட்டுகிறேன் என்று மீட்டரைக் கேட்டார். கொடுத்தேன். அதில் எண்ணே வரவில்லை. பின்மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த செல் கசிந்து, காய்ந்து, உப்பாக ஒட்டியிருந்தது.

"இதுவும் போயிடுச்சு," என்று என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

[பாயிண்ட் ஒன்பது: அளக்கும் மீட்டருக்குள் செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும். ஆசிரியர் கேட்ட இரண்டில் ஒன்று கிடைத்துவிட்டது.]

என் எழுத்தைப் படித்து இதுவரை சரியாக விமர்சித்தவர் அவர் ஒருவர்தான். அன்று மாலையே நோட்டை மேலே கொண்டுவந்து என் மேசை இழுப்பறையில், பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு அடியில் வைத்தேன்.

7

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி அழித்தேன். நீளமாக வந்தது, அதனால் பொய்யாக இருந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

போன ஞாயிறு மாமனாரைப் பார்க்க நான் மட்டும் போயிருந்தேன். கழுத்தில் வெள்ளைத் துணி. ஆள் இளைத்திருந்தாலும் கண் பளிச்சென்று இருந்தது. என்னை உட்காரச் சொல்லிப் பலகையை எடுத்து நிதானமாக எழுதி என் பக்கம் திருப்பினார்.

"அவளைத் திட்டாதீங்க. லைட் யாருக்கும் மறக்கும்."

அறையில் வேறு யாரும் இல்லை. சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் குறுக்கே பேசக்கூட மாட்டார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சட்டைக் கையால் அழித்துவிட்டு, இன்னும் ஏதாவது வேண்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"சரி மாமா," என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. இதற்கு வேறு நல்ல வாக்கியம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

புதன்கிழமை மனைவி கேட்டாள்.

"அப்பா எழுதின நோட்டு எங்கங்க? வண்டியில காணோமே."

"எதுக்கு?"

"அவர் பேசற மாதிரியே எழுதியிருப்பார் இல்ல? படிக்கணும் போல இருக்கு."

"தேடிப் பார்க்கறேன்," என்றேன். இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

8

ஆக, இன்று சனிக்கிழமை, மாலைக்குள் நான் முடிவெடுத்தாக வேண்டும். நோட்டைக் கொடுத்தால் அவள் தன் அப்பாவைப் படிப்பாள். அப்பாவைப் படித்து முடித்ததும் என்னைப் படிப்பாள். அதில் ஒரு சனிக்கிழமை, கதவு ஒடுக்கெடுக்க வண்டி பட்டறையில் நின்ற நாள். அன்றைக்கும் 12.6 இருக்கிறது. கொண்டுபோய் விட்டவளே அவள்தான்.

முடிவு அ. என் பக்கங்களைக் கிழித்துவிடுவது. மொத்தம் ஒரே தாள்தான், கிழித்தால் தெரியாது. கையில் எடுத்தும் பார்த்தேன். அந்தத் தாளின் மேலோரத்தில் மாமனாரின் கடைசி வரி இருக்கிறது: "12.5. இன்னையோட கை மாறுது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை. பார்த்துக்குவார்." கிழித்தால் இதுவும் போய்விடும்.

முடிவு ஆ. திருத்தி எழுதுவது. இப்போது எனக்குச் சூட்சுமம் தெரியும். ஒரு தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். "12.4. இரண்டு நாள் தொடர் மழை." "12.5. மீட்டர் கம்பி தளர்வு, இரண்டு முறை வைத்துப் பார்த்தேன்." "12.3. வெயில். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கடை பூட்டியிருந்தது, நாளை ஊற்ற வேண்டும்." கடை பூட்டியிருந்தது! எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது பாருங்கள். பேட்டரிக்காரரே ஏமாந்திருப்பார். பதினான்கையும் எழுதி முடித்துப் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. கிழித்துக் குப்பையில் போட்டேன்.

முடிவு இ. பல் மருத்துவரைத் திரும்ப அழைப்பது. அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். அவள் கடைசிவரை கேட்கிறாள். பிறகு சிரித்துவிட்டு, "இவ்வளவுதானா, நான் என்னமோ—"

[முடிக்கவில்லை. அவள் சிரிப்பாள் என்று நான் எப்படி எழுத முடியும்? மன்னிப்பையும் நானே எழுதிக்கொள்வது பார்க்காமல் 12.6 போடுவது மாதிரிதான்.]

இன்று காலை கீழே இறங்கினேன். மீட்டருக்குப் புது செல் போட்டிருந்தேன். வண்டி நேற்று மாலையிலிருந்து நின்றிருந்தது. பானட்டைத் தூக்கினேன், முனைகளைத் தொட்டுப் பார்த்தேன், ஜெல்லி விரலில் ஒட்டியது. மூடிகளைத் திருகி ஆறு குழியிலும் தண்ணீர் பார்த்தேன். சிவப்பை வைத்தேன், கறுப்பை வைத்தேன். எண் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. மேலே வந்து நோட்டை எடுத்து, என் பதினான்கு வரிகளுக்குக் கீழே எழுதினேன்:

"12.5. நான் பார்த்தது. மேலே உள்ள 12.6களில் முதலாவது மட்டும் பார்த்து எழுதியது. மற்றவை பார்க்காமல் எழுதியவை. அன்று காலை உள்விளக்கு அணைந்தே இருந்தது. அதையும் நான் பார்த்தேன்."

கையெழுத்துப் போட்டேன். இதுவரை எழுதிய எட்டுப் பகுதிகளையும் மடித்து அந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறேன். இன்று மாலை அவள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சாவியோடு இறங்கிப் போய் ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டு வருவேன். லைட்டைப் பார்க்க அவள் எப்படியும் வருவாள்.

இதுவரை "நீங்கள்" என்று எழுதியதெல்லாம் உன்னைத்தான். உன்னிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை, எப்போதும்போலத் தாளில் சொல்கிறேன். எழுதியவன் கோழை. ஆனால் இதில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. நீ மறக்கவில்லை. நான்தான்.

இதற்குக் கீழே முக்கால் பக்கம் காலியாக இருக்கிறது. நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமலும் விடலாம்.

9

அவளிடம் இல்லாத பகுதி இது ஒன்றுதான். இனி நீங்கள் என்றால் நீங்களேதான்.

ஏழு மணி ஆகப்போகிறது. ஜன்னலோரம் நின்று, தாளைச் சுவரில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்துக் கோணல்மாணலாக வருகிறது. இங்கிருந்து பார்த்தால், தூண்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்கண்ணாடியும் கொஞ்சம் கூரையும் தெரியும். கால் மணி நேரத்துக்கு முன்னால் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "லைட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்," என்றாள். நான் "சரி" என்றேன். முப்பத்து நான்கு படி. செருப்புச் சத்தம் கீழே போய் நின்றது. வண்டிக் கதவு திறந்தது. வழக்கமாக இரண்டு நிமிடத்தில் அதே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

இன்றைக்குக் கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது. பிறகு வண்டிக்குள் விளக்கு எரிந்தது.

அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பகுதியில் இருக்கிறாள் என்றும் தெரியாது. அப்பாவின் பக்கங்களில் ஆரம்பித்து மெதுவாக வருகிறாளோ என்னவோ, அப்படியென்றால் ஏழு தடவை ஆஃப் ஆன இடத்தில் இருக்கலாம். அடுத்து மேலே வரலாம். வராமல் சாவியைத் திருப்பி அப்பா வீட்டுக்கே போய்விடலாம், அங்கே "அவளைத் திட்டாதீங்க" என்று அவர் யாரிடமும் எழுதிக் காட்ட வேண்டியிருக்காது. உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதமாட்டேன். நாளைக்கு ஆசிரியருக்கு ஒன்பது பாயிண்ட்தான் போகும், திட்டினால் திட்டட்டும்.

விளக்கு இன்னும் எரிகிறது. இருபது நிமிடமாயிற்று. கீழ்வீட்டுக்காரர் தன் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு மாடிப்படியில் ஏறிவந்து, "சார், உங்க வண்டியில லைட் எரியுதே, பேட்டரி இறங்கிடப் போகுது," என்று கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

இறங்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எரியட்டும். இன்று காலை நான் பார்த்துவிட்டேன்.